சூரியனுக்கு எதிராக ஒரு மனு

ஒரு எழுத்தாளரைப் படிக்காமல் இருப்பதற்கு வசதியான காரணம், நாம் மதிக்கும் ஒருவர் அவரைப் பற்றி ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருப்பதுதான். ஃப்ரெடரிக் பாஸ்டியாவைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பைச் சொன்னவர் மார்க்ஸ். 'மூலதன'த்தின் இரண்டாம் பதிப்புக்கு 1873-இல் எழுதிய பின்னுரையில், கொச்சைப் பொருளாதாரம் பேசியவர்களுள் ஆழமே இல்லாதவர் என்ற முத்திரையைக் குத்தி அவரை ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார். மார்க்ஸோடு ஒத்துப்போகாத ஷும்பீட்டரும், 1954-இல் அவருடைய மறைவுக்குப் பின் வெளிவந்த பெருநூலில், பாஸ்டியாவைக் கோட்பாட்டாளர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பத்திரிகை எழுத்தில் அவருக்கிருந்த திறமையை மட்டும் தாராளமாகப் புகழ்ந்தார்.

மறுபக்கத்தில் ஒரு பக்தர் கூட்டம். 1946-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஒரு பொருளாதாரக் கல்வி அமைப்பு, பாஸ்டியாவின் 'சட்டம்' என்ற சிறு பிரசுரத்தை 1950 முதல் மலிவுப் பதிப்பாக வாரியிறைத்தது. ரொனால்ட் ரீகன் தாம் விரும்பிப் படித்த பொருளாதார எழுத்தாளர்களின் பெயர்களைச் சொன்னபோது பாஸ்டியாவையும் சொன்னார். ஆக, ஒரு தரப்புக்கு அவர் படிக்க வேண்டாதவர். இன்னொரு தரப்புக்கு மேற்கோளாக மட்டும் பயன்படுபவர். இரண்டும் படிப்பு ஆகாது.

நான் பொருளாதாரம் படித்தவன் அல்ல. ஆங்கில இலக்கியத்தில் ஒரு பி.ஏ., அதற்குப் பிறகு வங்கிப் பேரேடு. எனவே பாஸ்டியாவின் பொருளாதாரம் சரியா தவறா என்று தீர்ப்பளிக்க இந்தக் கட்டுரை முனையவில்லை. அவர் அடிப்படையில் ஒரு அங்கத எழுத்தாளர். பொருளாதாரம் அவர் கைக்குக் கிடைத்த கச்சாப்பொருள். அங்கதம் எங்கே கூர்மை பெறுகிறது, எங்கே மழுங்கிப்போகிறது என்பதை அறிய அவரைவிட நல்ல உதாரணம் 19-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு உரைநடையில் அதிகம் இல்லை என்று எனக்குப் படுகிறது.

1801 ஜூன் 30-ஆம் தேதி, ஸ்பெயின் எல்லைக்கருகே பேயோன் துறைமுக நகரில் பிறந்தார். ஸ்பெயினோடு வியாபாரம் செய்த குடும்பம். ஒன்பது வயதுக்குள் தாயும் தந்தையும் போய்விட்டார்கள். தாத்தாவும் அத்தையும் வளர்த்தார்கள். ஸோரேஸ் பள்ளியில் படித்துப் பட்டம் எதுவும் வாங்காமல், 17 வயதில் குடும்ப வணிக நிலையத்தில் வேலைக்குப் போனார். 1825-இல் தாத்தா இறந்ததும் லாந்த் மாவட்டத்தில் முக்ரோன் என்ற சிற்றூர்ப் பக்கத்து நிலம் அவருக்கு வந்தது. அங்கே போய் உட்கார்ந்தவர் இருபது ஆண்டுகள் எழவில்லை. விவசாயத்தில் புது முறைகளைக் கொண்டுவர முயன்றார்; பலிக்கவில்லை. செல்லோ வாசித்தார். பக்கத்துவீட்டு நண்பர் ஃபெலிக்ஸ் கூத்ரோவாவோடு சேர்ந்து புத்தகம் புத்தகமாகப் படித்தார். 1831-இல் உள்ளூர் நீதிபதி, 1833-இல் மாவட்ட சபை உறுப்பினர். இந்த இருபது ஆண்டுகளில் வெளியுலகம் எட்டிப்பார்த்தது ஒரே ஒரு தடவை. 1830 ஜூலைப் புரட்சியின்போது பேயோன் கோட்டைப் படையைப் புரட்சியின் பக்கம் இழுக்கக் கிளம்பிய கூட்டத்தில் அவரும் போனார். ரத்தம் சிந்தவில்லை; மதுவும் பெரான்ஷேயின் பாடல்களுமாக அந்த இரவு கழிந்ததென்று கூத்ரோவாவுக்குக் கடிதம் எழுதினார்.

அவரை எழுத்தாளராக்கியது ஒரு மொழிபெயர்ப்புப் பிழை. முக்ரோனில் பத்திரிகை படித்து விவாதிக்கும் ஒரு சிறு வட்டம் இருந்தது. இங்கிலாந்தைத் தூற்றுவது அதில் சிலருக்குப் பொழுதுபோக்கு. பிரிட்டிஷ் பிரதமர் பீல், தம் நாடும் பிரான்ஸைப்போல் தாழ்ந்துவிடக்கூடாது என்ற பொருள்படப் பேசியதாக ஒரு பாரிஸ் பத்திரிகையில் வந்திருந்தது. எல்லோரும் கொதித்தார்கள். பாஸ்டியா ஒரு ஆங்கிலப் பத்திரிகைக்குச் சந்தா கட்டி மூலத்தை வரவழைத்துப் பார்த்தார். பிரான்ஸைக் குறிக்கும் அந்தச் சொற்கள் மூலத்தில் இல்லை. பாரிஸில் யாரோ சேர்த்திருக்கிறார்கள். சந்தா தொடர்ந்தது. அதன் பக்கங்களில், பிரெஞ்சுப் பத்திரிகைகள் அநேகமாகச் சொல்லாமல் விட்டிருந்த ஒரு பெரிய இயக்கம் அவருக்குத் தெரியவந்தது. தானியத்தின்மீதான இறக்குமதி வரிகளை எதிர்த்து ரிச்சர்ட் காப்டனும் மற்றவர்களும் மான்செஸ்டரிலிருந்து நடத்திய இயக்கம் அது. மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் விமர்சகனின் சிறு காரியத்திலிருந்துதான் பாஸ்டியாவின் பொதுவாழ்வு தொடங்கியது என்பது எனக்குப் பிடித்தமான செய்தி.

1844 அக்டோபரில் பாரிஸின் பொருளாதாரப் பத்திரிகையில் பிரெஞ்சு, ஆங்கிலச் சுங்கவரிகள் பற்றி அவருடைய கட்டுரை வந்தது. அதற்கு முன்னால் எழுதியவை, மதுவரி தம் பகுதியின் திராட்சை விவசாயிகளை எப்படி நசுக்குகிறது என்பதைப் பற்றிய உள்ளூர்ப் பிரசுரங்கள்தாம். அப்போது அவருக்கு 43 வயது. மிச்சமிருந்தது ஆறு ஆண்டுகள். இன்று நாம் பாஸ்டியா என்று சொல்வது முக்கால்வாசி இந்த ஆறு ஆண்டுகளைத்தான். பாரிஸுக்கு முதலில் வந்து சேர்ந்த கோலத்தை மொலினாரி பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். நீண்ட தலைமுடி, சிறு தொப்பி, தொளதொளத்த கோட்டு, கையில் குடை. தலைநகரம் பார்க்க வந்த நல்ல கிராமத்து ஆசாமி ஒருவர் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

அவர் வந்த பாரிஸ் எப்படிப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். லூயி ஃபிலிப்பின் ஆட்சி. ஆண்டுக்கு 200 பிராங்க் நேரடி வரி கட்டுபவனுக்குத்தான் ஓட்டு. மூன்றரைக் கோடி மக்கள் கொண்ட நாட்டில் வாக்காளர்கள் 1846 வாக்கில் சுமார் இரண்டரை லட்சம் பேர். இரும்பாலைக்காரர்கள், காட்டு நிலக்காரர்கள், நெசவாலைக்காரர்கள் சட்டசபையை நிரப்பியிருந்தார்கள். வெளிநாட்டுச் சரக்குக்கு எவ்வளவு வரி, எதற்கு முழுத் தடை என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். இப்படித் தீர்மானித்ததற்கு அவர்கள் வைத்த பெயர் 'தேசிய உழைப்பைப் பாதுகாத்தல்'. அந்தப் பெயரிலேயே மிமெரெல் என்ற ஆலை முதலாளியை முன்னிட்டு 1846-இல் ஒரு சங்கமும் அமைந்தது. எதிர்த்துப் பேசியவன் இங்கிலாந்தின் கைக்கூலி. வாதத்துக்குப் பதில் சொல்லத் தேவையில்லாமல் செய்யும் இந்த வசவு எல்லாத் தேசத்திலும் உண்டு.

இந்தச் சூழலில், 1845 அக்டோபரில் வெளிவந்தது மெழுகுவர்த்தி உற்பத்தியாளர்களின் மனு. வர்த்தி, விளக்கு, விளக்குத்தண்டு, திரி கத்தரிப்பான் செய்பவர்களும், கொழுப்பு, எண்ணெய், பிசின் விளைவிப்பவர்களும் சேர்ந்து சட்டசபை உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் விண்ணப்பம். அவர்களுடைய குறை இது: ஒரு அந்நியப் போட்டியாளன் வெளிச்சத்தை நம்பமுடியாத மலிவு விலைக்கு உள்நாட்டுச் சந்தையில் கொட்டுகிறான், அவன் தலைகாட்டியதும் எங்கள் விற்பனை நின்றுவிடுகிறது. அந்தப் போட்டியாளன் சூரியன். இதில் இங்கிலாந்தின் சதியும் இருக்கலாமென்று மனுதாரர்கள் சந்தேகிக்கிறார்கள். அந்த மூடுபனித் தீவின்மீது சூரியன் காட்டும் மரியாதை நம்மீது காட்டுவதில்லையே! ஆகவே எல்லா ஜன்னல்களையும், கதவிடுக்குகளையும், கூரைத் திறப்புகளையும் பகலில் மூடிவைக்க ஒரு சட்டம் வேண்டும்.

பிறகு நன்மைகளின் பட்டியல். கொழுப்பு அதிகம் தேவைப்பட்டால் ஆடுமாடு பெருகும். ஆடுமாடு பெருகினால் மேய்ச்சல் நிலமும் கம்பளியும் தோலும் எருவும் பெருகும். எண்ணெய் அதிகம் தேவைப்பட்டால் ஆலிவும் கசகசாவும் விளையும். தரிசு நிலத்தில் பிசின் மரங்கள் எழும்பும். திமிங்கில வேட்டைக்கு ஆயிரக்கணக்கில் கப்பல் போகும். பாரிஸ் கைவினைஞன் சரவிளக்கு செய்தே செழிப்பான். கடைசியில் வருகிறது முடிச்சு. லிஸ்பன் நகரத்து ஆரஞ்சு பாரிஸ் ஆரஞ்சைவிடப் பாதி விலைக்குக் கிடைக்கிறது, ஏனென்றால் பாதி வேலையைச் சூரியன் அங்கே சும்மா செய்து கொடுத்துவிடுகிறது. பாதி இலவசம் என்பதற்காக அதைத் தடுக்கும் நீங்கள், முழு இலவசமான வெளிச்சத்தை எந்த நியாயத்தின்பேரில் உள்ளே விடுகிறீர்கள்?

இங்கே ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு ஸ்விஃப்ட் நினைவுக்கு வராமல் போகாது. அயர்லாந்தின் ஏழைக் குழந்தைகளை உணவாக விற்கலாம் என்று 1729-இல் அவர் எழுதிய யோசனையும் அரசாங்கத்துக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையின் வடிவத்தில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு குரல்களும் வேறு. ஸ்விஃப்டின் யோசனைக்காரன் நிதானமானவன், கணக்குப் பார்ப்பவன், அவனுக்கு இதில் சொந்த லாபம் இல்லை. அந்த நிதானமே நம்மை உறைய வைக்கிறது. பாஸ்டியாவின் மனுதாரர்கள் தாங்கள் வஞ்சிக்கப்பட்டதாக மனதார நம்புகிறவர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சட்டசபை அன்றாடம் ஒப்புக்கொள்ளும் தர்க்கத்தைச் சட்டசபையின் சொற்களிலேயே, ஒரு அடி தள்ளி வைத்துச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். மனுவில் கேலிக்குரிய மனிதன் என்று யாரும் கிடையாது. கேலிக்குரியது வாக்கியம். இரும்பாலைக்காரனின் முகத்தையோ தொந்தியையோ பாஸ்டியா வரையவில்லை. அவனுடைய வாக்கியத்தை எடுத்து, எழுவாயை மாற்றி, அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

எழுத்து முறையில் இது சிறிய காரியம் அல்ல. நமக்குப் பழக்கமான அங்கதம் பெரும்பாலும் ஆளைச் சுற்றுவது: அரசியல்வாதியின் நடை, அதிகாரியின் தோரணை, புலவரின் பட்டம். ஆளைக் கேலி செய்தால் அந்த ஆள் போனதும் கேலியும் போய்விடும். பாஸ்டியா கைவைத்தது மனுவின் இலக்கணத்தில். அரசாங்கத்தின் முன் நிற்கும் சுயநலம் எப்போதும் பிறர் நலத்தின் மொழியில்தான் பேசும் என்பது அந்த இலக்கணம். வங்கிக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்துப் பழகிய எனக்கு அந்த வாய்பாடு அந்நியமாகத் தெரியவில்லை.

இதே முறையில் வேறு சிலவும் எழுதினார். பாரிஸிலிருந்து ஸ்பெயினுக்குப் போகும் ரயில் பாதை போர்தோவில் துண்டிக்கப்பட வேண்டும், அப்போதுதான் கூலிகளுக்கும் படகுக்காரர்களுக்கும் விடுதிக்காரர்களுக்கும் பிழைப்பு என்று அந்த ஊருக்காக ஒருவர் வாதாடினார். அப்படியானால் மற்ற ஊர்களின் பிழைப்பு மட்டும் என்ன பாவம் செய்தது என்று கேட்டார் பாஸ்டியா. ஒவ்வொரு ஊரிலும் பாதையைத் துண்டித்துக்கொண்டே போனால், துண்டிப்புகள் மட்டுமே கொண்ட ஒரு ரயில் பாதை கிடைக்கும். இன்னொன்றில் அரசருக்கு ஒரு அறிக்கை: உழைப்பு கூடினால் செல்வம் கூடும் என்பது உண்மையானால், குடிமக்கள் வலதுகையைப் பயன்படுத்துவதைச் சட்டத்தால் தடுத்துவிடலாம். தடையற்ற வாணிபத்துக்காகச் சங்கம் அமைத்தார், 1846 நவம்பரில் வாரப் பத்திரிகை தொடங்கினார். அதே ஆண்டு ஜூனில் இங்கிலாந்து தானியச் சட்டங்களை நீக்கியது. பிரான்ஸில் எதுவும் அசையவில்லை. மனுவைப் படித்துச் சிரித்திருக்கக்கூடிய சட்டசபை வரிகளை அப்படியே வைத்துக்கொண்டது.

1848 பிப்ரவரியில் மன்னராட்சி விழுந்தது. வயதுவந்த ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு. இரண்டரை லட்சம் வாக்காளர்கள் என்பது சுமார் 90 லட்சம் ஆயிற்று. ஏப்ரலில் லாந்த் மாவட்டம் பாஸ்டியாவை அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பியது, நிதிக்குழுவின் துணைத்தலைவரானார். வேலையில்லாதவர்களுக்காக அரசு நடத்திய தேசியப் பட்டறைகளில் ஜூனுக்குள் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் சேர்ந்துவிட்டார்கள். அந்த மாதம் நண்பர்களோடு சேர்ந்து பாஸ்டியா கொண்டுவந்த சிறு பத்திரிகை பட்டறைகளை எதிர்த்தது. பட்டறைகளை மூடும் முடிவு வந்ததும் ஜூன் 23-ஆம் தேதி கிழக்குப் பாரிஸ் தெருவுக்கு வந்தது. நான்கு நாட்கள். ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். பத்திரிகை அடுத்த மாதமே நின்றுபோனது.

மூன்று மாதம் கழித்து, செப்டம்பரில், 'அரசு' என்ற புகழ்பெற்ற கட்டுரை வந்தது. ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடைய செலவிலும் வாழ்வதற்காகக் கற்பித்துக்கொண்ட பொய்த்தோற்றமே அரசு என்பது அதன் சாரம். இன்றுவரை அதிகம் மேற்கோள் காட்டப்படும் கருத்து இதுதான். சாமர்த்தியமான கட்டுரை. ஆனால் மனுவைப் படித்துவிட்டு இதைப் படிக்கும்போது எனக்கு ஏதோ குறைகிறது. மனுவில் கைநீட்டி நின்றவர்கள் பலசாலிகள்; ஓட்டும் ஆலையும் உள்ளவர்கள். 'அரசு' கட்டுரையில் எல்லோரும் கைநீட்டுகிறார்கள். மானியம் கேட்கும் ஆலை முதலாளியும் வேலை கேட்கும் பட்டறைக்காரனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். தர்க்கத்தின் கண்ணுக்கு இருவரும் ஒன்றுதான். ஆனால் அங்கதத்துக்குத் தர்க்கம் மட்டும் போதாது; யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதும் அதன் பகுதி. ஜூன் மாதத்துப் பிணங்கள் இன்னும் நினைவிலிருந்து அகலாத ஊரில் பட்டறைக்காரனைப் பார்த்துச் சிரிப்பது கடினம். கட்டுரையின் வேகம் அந்தக் கடினத்தைத் தாண்டி ஓடுகிறது. மனு பெரிய படைப்பு. இது சாமர்த்தியம் மட்டும்.

பக்தர்களும் எதிரிகளும் ஒருசேரக் கவனிக்காத ஒன்று உண்டு. அங்கதக்காரர் ஒரே வரிசையில் நிறுத்தியவர்களை, சபை உறுப்பினர் பிரித்துப் பார்த்தார். தேசியப் பட்டறைக் கருத்தின் தந்தையாகக் கருதப்பட்ட, அவருடைய பெரிய கோட்பாட்டு எதிரியான லூயி பிளாங்மீது வழக்குத் தொடர 1848 ஆகஸ்டில் சபை முடிவெடுத்தபோது பாஸ்டியா எதிர்த்து ஓட்டுப் போட்டார். மரண தண்டனையை ஒழிக்க வேண்டும் என்றார். டிசம்பர் ஜனாதிபதித் தேர்தலில் லூயி நெப்போலியனை ஆதரிக்கவில்லை. 1849 ஆகஸ்டில் விக்டர் ஹ்யூகோ தலைமையில் பாரிஸில் நடந்த சமாதான மாநாட்டில் படைக்குறைப்புக்காகப் பேசினார். அல்ஜீரியாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும் செலவை எதிர்த்து எழுதினார். 1849 நவம்பரில், தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்து வேலையை நிறுத்துவதைக் குற்றமாக்கிய சட்டம் விவாதத்துக்கு வந்தபோது, தொழிலாளிகளின் பக்கம் நின்றார். தனியாக ஒருவன் வேலைக்குப் போகாமல் இருக்க உரிமை உண்டென்றால், பத்துப்பேர் சேர்ந்து அதையே செய்யும்போது குற்றம் எங்கிருந்து முளைக்கிறது என்பது அவருடைய வாதம். கவனியுங்கள், இது மனு எழுதியவரின் தர்க்கமேதான். இந்தத் தடவை அது பலவீனனின் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது.

அவர் உட்கார்ந்தது சபையின் இடதுபக்கம். இந்த ஓட்டுகள் மலிவுப் பதிப்புகளின் முன்னட்டையில் வருவதில்லை. மார்க்ஸின் ஒரு வரியிலும் இவற்றுக்கு இடமில்லை.

வங்கி ஊழியன் என்ற முறையில் நான் தாண்டிப்போக முடியாத ஒரு அத்தியாயம், 1849 அக்டோபரிலிருந்து 1850 பிப்ரவரிவரை ப்ரூதோனோடு நடந்த கடித விவாதம். வட்டி நியாயமா என்பது கேள்வி. ப்ரூதோன் அப்போது சிறையில் இருந்தார்; விவாதம் அவருடைய பத்திரிகையிலேயே வந்தது. பாஸ்டியாவின் பக்கத்து வாதம் ஒரு கதையில் இருக்கிறது. ஜாக் என்ற தச்சன் பத்து நாள் மெனக்கெட்டு ஒரு இழைப்புளி செய்கிறான். கில்லோம் அதை ஒரு வருஷத்துக்குக் கடன் கேட்கிறான். வருஷ முடிவில் புது இழைப்புளி ஒன்றும், கூடவே ஒரு பலகையும் தரவேண்டும் என்கிறான் ஜாக். அந்தப் பலகைதான் வட்டி. இழைப்புளியால் கில்லோம் பெற்றதோ பல பலகைகள். இருவரும் சம்மதித்து, இருவரும் லாபம் கண்ட காரியத்தில் அநியாயம் எங்கே?

கதை அழகானது; மறுக்கவும் கடினம். ஆனால் அந்தக் கதையில் ஜாக்கும் கில்லோமும் ஒரே தொழில், ஒரே தெரு, ஒரே உயரம். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் நகைக் கடன் மேஜைக்கு முன் கம்மலைக் கழற்றி வைக்கும் பெண்ணுக்கும் எங்களுக்கும் நடுவே நடப்பது அந்த ஒப்பந்தம் அல்ல. அவளுக்கு அந்தப் பணத்தால் பலகை எதுவும் கிடைக்கப்போவதில்லை; வட்டி அவளுடைய அடுத்த மாதச் சம்பளத்திலிருந்து வரவேண்டும். நீங்கள் இல்லாவிட்டால் அவள் இன்னும் அதிக வட்டிக்குக் கந்துக்காரனிடம் போவாள் என்று பாஸ்டியா பதில் சொல்லியிருப்பார். அதுவும் உண்மை. இரண்டு உண்மைகளும் ஒரே மேஜையில் கிடக்கின்றன. கதைக்குள் ஒன்றுக்குத்தான் இடமிருந்தது. ப்ரூதோன் கடைசியில் பொறுமையிழந்து, அறிவு அளவில் பாஸ்டியா இறந்துவிட்டவர் என்று அறிவித்து விவாதத்தை முறித்துக்கொண்டார். எதிராளி நிஜமாகவே செத்துக்கொண்டிருந்த சமயம் அது.

தொண்டையில் நோய். குரல் போய்க்கொண்டிருந்தது. சபையில் ஏறிப் பேச முடியாத நிலை வந்ததால்தான் கடைசி இரண்டு ஆண்டுகளில் பிரசுரம் பிரசுரமாக எழுதினார். கூடவே 'பொருளாதார இசைவுகள்' என்ற பெரிய நூல். முதல் பகுதி 1850-இல் வந்தது; முடிக்கவில்லை. மனிதர்களின் நலன்கள் தடையில்லாமல் விடப்பட்டால் தாமாகவே ஒன்றோடொன்று பொருந்தும் என்பது அதன் சாரம். பாஸ்டியா கோட்பாட்டாளர் இல்லை என்று ஷும்பீட்டர் சொன்னதன் நியாயம் இதைப் படித்தால் தெரியும். எனக்குப் பட்ட குறை வேறு. இதில் சிரிப்பு இல்லை. எல்லாம் இசைந்து கிடக்கும் உலகத்தில் அங்கதக்காரனுக்கு என்ன வேலை? முரண்பாட்டைக் கண்டபோதெல்லாம் உயிர்பெற்ற பேனா, இசைவை நிரூபிக்க உட்கார்ந்ததும் பிரசங்கம் செய்கிறது.

அந்த ஆண்டு ஜூலையில் வெளிவந்த இன்னொரு நூல் வேறு சங்கதி. கண்ணுக்குத் தெரிவது, தெரியாதது என்பது அதன் தலைப்பின் பொருள். ஒரு கடைக்காரரின் பையன் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிடுகிறான். கண்ணாடி போடுபவனுக்கு ஆறு பிராங்க் வருமானம், ஆகவே உடைந்ததும் நல்லதற்கே என்று கூடியிருப்பவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரிவது. அந்த ஆறு பிராங்கில் கடைக்காரர் வாங்கியிருக்கக்கூடிய ஜோடுதான் கண்ணுக்குத் தெரியாதது.

இந்த நூலின் ஒரு பகுதி நம்மைப் போன்ற பத்திரிகைக்காரர்களை நேராகத் தொடுகிறது. நாடக அரங்குகளுக்கு அரசு மானியம் வேண்டுமா என்பது விவாதம். வேண்டும் என்ற தரப்பில் கவிஞர் லாமர்தீன். பாஸ்டியா வேண்டாம் என்கிறார். அரசு ஒன்றைச் செய்ய வேண்டாம் என்று சொன்னால் அந்தக் காரியமே வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்களே என்ற அங்கலாய்ப்பு அதில் இருக்கிறது. மானியமாகப் போகும் பிராங்க் எந்தக் கிராமத்தான் பையிலிருந்து வந்தது, அங்கே அது என்னவாக ஆகியிருக்கும் என்று கணக்குக் கேட்கிறார். அரசு விருதும் அகாடமி நிதியும் எட்டாத தூரத்தில், ஆசிரியரின் சம்பளத்திலும் நண்பர்களின் சந்தாவிலும் அச்சேறும் சிற்றிதழ்களை நடத்துபவர்களுக்கு இந்த வாதம் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும். நானும் அதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் பாஸ்டியாவின் கேள்வியை அவரிடமே கேட்கவேண்டும். அரசு கைவிட்ட இடத்தில் சந்தை வந்து உட்கார்ந்து, சந்தை விரும்பாததால் எழுதப்படாமலே போகும் கவிதையும் கண்ணுக்குத் தெரியாததுதானே? அதை அவர் கணக்கில் எழுதவில்லை.

இந்த நூல் உருவான விதத்தை அவருடைய நண்பரும் பதிப்பாளருமான பையோத்தே ஒரு அடிக்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். முதல் கையெழுத்துப் பிரதி, பாரிஸில் வீடு மாறியபோது காணாமல் போய்விட்டது. நெடுநாள் தேடியும் கிடைக்கவில்லை. பாஸ்டியா மறுபடி எழுதினார். இந்தத் தடவை தேசிய சபையில் அப்போது நடந்த பேச்சுகளை ஆதாரமாக வைத்துக்கொண்டார். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, அளவுக்கு மீறித் தீவிரமாக இருப்பதாகப் பட்டது. நெருப்பில் போட்டுவிட்டார். மூன்றாவது தடவை எழுதியதுதான் நாம் படிப்பது.

குரல் போய், உடம்பு போய், ஐந்து மாதமே உயிர் மிஞ்சியிருந்த ஒருவர் செய்த காரியம் இது. கருத்துச் சரியாக இருந்தால் போதும் என்று நினைப்பவர் இரண்டாவது பிரதியை அச்சுக்குக் கொடுத்திருப்பார். எரித்தது பொருளாதார நிபுணர் அல்ல, எழுத்தாளர். கனம் என்பது ஆழத்துக்குப் பதிலாக வந்து உட்கார்ந்துகொள்ளக்கூடியது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவரை ஆழமற்றவர் என்று ஒதுக்கியவர்களும் கனமான மேற்கோளாக்கித் தூக்கித் திரிபவர்களும் ஒருங்கே தவறவிட்டது இந்த அறிவைத்தான்.

மருத்துவர்கள் சொல்லி இத்தாலிக்குப் போனார். முதலில் பீசா, பிறகு ரோம். கடைசி நாட்களில் பையோத்தே கூட இருந்தார். 1850 டிசம்பர் 24-ஆம் தேதி உயிர் பிரிந்தது. ரோமில் பிரெஞ்சுக்காரர்களின் தேவாலயமான சான் லூயிஜியில் அடக்கம் செய்தார்கள். ஓராண்டில் லூயி நெப்போலியன் சபையைக் கலைத்தான். சக்கரவர்த்தியாகிவிட்ட அதே மனிதனின் அரசாங்கம்தான் 1860 ஜனவரியில் காப்டனோடு உடன்படிக்கை செய்து பிரான்ஸின் சுங்கத் தடைகளைத் தளர்த்தியது. பிரெஞ்சுத் தரப்பில் அதை நடத்தியவர் பொருளாதார அறிஞர் மிஷெல் ஷெவாலியே. உடன்படிக்கை சட்டசபையின் விவாதத்துக்குப் போகாமல் சக்கரவர்த்தியின் அதிகாரத்தால் நிறைவேறியது. பாஸ்டியா விரும்பியது கிடைத்தது. எந்த முறையில் வரவேண்டும் என்று விரும்பினாரோ அந்த முறையில் வரவில்லை. இதைப் பற்றி அவரே எழுதியிருந்தால் ஒரு நல்ல மனு நமக்குக் கிடைத்திருக்கும்.